சோதனைக் குழாயில் ஏறும் செந்நிறம்: இறைச்சிக் காறலை ஆய்வகம் அளக்கும் விதம்

இந்தியக் கால்நடைக் கல்லூரிகளிலிருந்து வரும் இறைச்சி ஆய்வுகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான அட்டவணை அடிக்கடி கண்ணில் படும். முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் என்று பத்திகள். அவற்றின் கீழே கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் மலோன்டையால்டிகைடு என்று எண்கள். கறிவேப்பிலைச் சாறோ மாதுளைத் தோல் பொடியோ சேர்த்த கறியில் எண் குறைவாக இருக்கும். எதுவும் சேர்க்காத கறியில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே அந்தச் சேர்மானம் கொழுப்பைக் காறாமல் காக்கிறது என்று முடித்திருப்பார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பயனுள்ள எண், தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால் எந்த முறையில் எடுத்தது, எந்த விலங்கின் எந்தத் தசை, எத்தனையாவது நாள், சோதனையின்போதே நடக்கும் வினையைத் தடுக்க என்ன செய்தார்கள் என்ற விவரங்கள் கூட வராவிட்டால், அது கறியைப் பற்றிச் சொல்வதைவிடச் சோதனைக் குழாயைப் பற்றியே அதிகம் சொல்லும்.

இறைச்சி கெடுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று நுண்ணுயிர்களால் வரும் அழுகல். மற்றது காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு வினைபுரிவதால் வரும் காறல். உறைகுளிர் முதலாவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். இரண்டாவதை மெதுவாக்க மட்டுமே செய்யும். மைனஸ் 18 டிகிரியில் உறைந்து கிடக்கும் மீனும் மாதக் கணக்கில் காறிக்கொண்டுதான் இருக்கும். நீர் பனிக்கட்டியாகும்போது மிச்சமிருக்கும் கொஞ்சம் திரவத்தில் உப்பும் உலோக அயனிகளும் செறிந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

வினை தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பு என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில் முதலில் தாக்கப்படுவது தசைச் செல்களின் சவ்வுகளில் இருக்கும் பாஸ்போலிப்பிடுகள். தசையின் எடையில் அவை நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆனால் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த கொழுப்பு அமிலங்கள் அவற்றில்தான் மிகுதி. ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஒலிக் அமிலத்தைவிட, இரண்டு உள்ள லினோலிக் அமிலம் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக ஆக்சிஜனுக்கு இரையாகும். பிணைப்பு கூடக் கூட வேகமும் கூடும். கொழுப்பைச் சுத்தமாக நறுக்கி எறிந்த கோழி நெஞ்சுக்கறியும் காறுவது இதனால்தான். மீன் முதலில் காறும், பிறகு கோழி, வான்கோழி, அடுத்து பன்றி, மாடும் ஆடும் கடைசியில்.

சமைத்த கறி பச்சைக் கறியைவிட வேகமாகக் காறும் என்பது இன்னொரு வியப்பு. வெப்பம் சவ்வுகளைச் சிதைக்கிறது. தசைக்குச் சிவப்பைக் கொடுக்கும் மையோகுளோபினிலிருந்து இரும்பை விடுவிக்கிறது. அந்த இரும்பு வினையூக்கியாகி வேலையைத் துரிதப்படுத்துகிறது. வெந்த கறியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கினால் வரும் அட்டை போன்ற மணத்துக்கு இதுவே காரணம். அமெரிக்காவில் டிம்ஸ், வாட்ஸ் இருவரும் 1958-இல் இந்தக் குறையைத் தனியாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். அவர்களில் பெட்டி வாட்ஸ் என்பவரின் பெயர் கீழே மறுபடியும் வரும். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உணவு, ஊட்டச்சத்துத் துறையில் அவர் நடத்திய ஆய்வகம்தான் இந்தத் துறையின் பல அடிப்படைகளை இட்டது.

இனி அளவைக்கு வருவோம். காறல் என்பது ஒரே பொருள் சீராகச் சேர்ந்துகொண்டே போகும் நிகழ்ச்சியாக இருந்தால் அளப்பது எளிது. அது அப்படி நடப்பதில்லை. கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்பட்டுத் தனி உறுப்பு உருவாகிறது. அது ஆக்சிஜனைப் பிடித்து ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. ஹைட்ரோபெராக்சைடுக்கு மணம் இல்லை, சுவை இல்லை. அது உடையும்போதுதான் ஹெக்சனால், மலோன்டையால்டிகைடு முதலிய ஆல்டிகைடுகள் பிறக்கின்றன. மூக்கைச் சுளிக்க வைப்பது ஹெக்சனால் போன்றவை. அந்த ஆல்டிகைடுகளும் சும்மா இருப்பதில்லை. புரதங்களின் அமினோ தொகுதிகளோடு பிணைந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துவிடும். ஆக, எதை அளந்தாலும் அந்த எண் ஏறும், உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். ஏறுமுகத்தில் 0.8 காட்டும் கறியும், உச்சத்தைத் தாண்டி இறங்கி வந்து 0.8 காட்டும் கறியும் காகிதத்தில் ஒன்றுதான். வாயில் வைத்தால் தெரியும் வித்தியாசம். ஒரே நாளில் எடுத்த ஒற்றை அளவைப் பற்றி எனக்குள்ள முதல் மனக்குறை இது.

முதலில் வந்தது பெராக்சைடை அளக்கும் முறை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பிரிட்டனுக்குக் கப்பலில் உறைந்த இறைச்சி போய்க்கொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜின் தாழ்வெப்ப ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சி. எச். லீ 1931-இல் கொழுப்பிலுள்ள பெராக்சைடை அயோடினைக் கொண்டு அளந்து காட்டினார். இன்றைக்கும் அதன் அடிப்படை மாறவில்லை. ஐந்து கிராம் கொழுப்பை அசெட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைசலில் கரைப்பார்கள். பொட்டாசியம் அயோடைடு சேர்ப்பார்கள். பெராக்சைடு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் சொட்டில் நிறுத்திக் கணக்கிட வேண்டும்.

எண்ணெய்க்கு இது நல்ல முறை. கறிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் என்பதால் ஐந்து கிராம் கொழுப்புக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை கறி வேண்டும். அந்தக் கறியிலிருந்து கொழுப்பைக் குளோரோஃபார்ம், மெத்தனால் கொண்டு பிரித்தெடுக்கும் நேரத்தில் காற்றுப் பட்டுப் புதிய பெராக்சைடும் உருவாகும். போதாததற்கு, வெந்த கறியிலுள்ள இரும்பு பெராக்சைடை உருவான வேகத்திலேயே உடைத்துவிடும். அதனால் பெராக்சைடு எண் குறைவாக இருக்கும் கறி புத்தம் புதியதாகவும் இருக்கலாம், முற்றிலும் காறியதாகவும் இருக்கலாம். இப்போது சைலினால் ஆரஞ்சு என்ற சாயத்தைக் கொண்டு மிகச் சிறு அளவுகளையும் பார்க்க முடிகிறது. அதனால் மாதிரியின் அளவு குறைந்ததே தவிர, பின்னிரண்டு சிக்கல்களும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் செந்நிறச் சோதனை நுழைந்தது, அதுவும் உணவு ஆய்விலிருந்து வரவில்லை. 1944-இல் கோன், லிவர்செட்ஜ் என்ற இருவர் மூளைத் திசுவைக் காற்றோடு வைத்துச் செய்த சோதனைகளில், தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்தால் ஒரு நிறம் தோன்றுவதைக் கண்டார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் பெர்ன்ஹைம், மேரி பெர்ன்ஹைம், கார்ல் வில்பர் மூவரும் 1948-இல் அந்த நிறம் ஆக்சிஜனேறிய கொழுப்பிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் வினையின் முழு வடிவமும் தெரிந்துவிட்டது. ஒரு மலோன்டையால்டிகைடு மூலக்கூறு, இரண்டு தயோபார்பிட்யூரிக் அமில மூலக்கூறுகளோடு இணைந்து இளஞ்சிவப்பு நிறமியாகிறது. 532 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அது ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். இந்தத் துல்லியமான முடிவை 1958-இல் தந்த சின்ஹூபரும் சக ஆய்வாளர்களும் ஆரிகனைச் சேர்ந்தவர்கள். மலோன்டையால்டிகைடை இங்கிருந்து எம்டிஏ என்றும், தயோபார்பிட்யூரிக் அமிலத்தை டிபிஏ என்றும் சுருக்கிக்கொள்கிறேன். ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இறைச்சிக்கு இதை வாகாக்கியது பெட்டி வாட்ஸின் குழு. டார்லாட்கிஸ், வாட்ஸ், யூனாதன், டூகன் ஆகிய நால்வர் பெயரில் 1960-இல் வந்த வாலைவடிப்பு முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பத்து கிராம் கறியைத் தண்ணீரோடு அரைத்துக் குடுவையில் கழுவி ஊற்றுகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கரைசலை pH 1.5-க்குக் கொண்டுவருகிறார்கள். நுரை பொங்காமலிருக்க ஒரு பொருள், கொதி சீராக இருக்கக் கண்ணாடிக் குண்டுகள். அதிக வெப்பத்தில் கொதிக்கவிட்டால் அமிலச் சூழலில் விடுபடும் எம்டிஏ நீராவியோடு மேலேறிக் குளிர்ந்து சொட்டுகிறது. கலங்கல், நிறம், கொழுப்பு எல்லாம் குடுவையிலேயே நின்றுவிட, தெளிந்த நீர் மட்டும் 50 மில்லிலிட்டர் சேரும்வரை பிடிக்கிறார்கள். அதில் ஐந்து மில்லிலிட்டரோடு அதே அளவு டிபிஏ கரைசலைக் கலந்து, மூடி, கொதிநீரில் 35 நிமிடம் வைக்கிறார்கள். நிறமற்ற குழாய் ரோஜா நிறமாகிறது. குளிரவைத்து 538 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சளவைப் படித்து, 7.8-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை வரும்.

அந்த 7.8 என்ற எண்ணில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கறியிலுள்ள எம்டிஏ முழுவதும் வடிநீரில் வந்து சேராது. அளவு தெரிந்த எம்டிஏவைச் சேர்த்து வடித்துப் பார்த்ததில் டார்லாட்கிஸ் குழுவுக்கு ஏறத்தாழ 68 சதவீதமே திரும்பக் கிடைத்தது. அந்த இழப்புக்கான திருத்தமும் 7.8-க்குள் அடக்கம். அதாவது அவர்களுடைய குடுவை, அவர்களுடைய வெப்பத் தட்டு, அவர்கள் வடித்த வேகம் எல்லாமே அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. வேறு ஆய்வகத்தில் வேறு குடுவையை வைத்து வடிப்பவர், தன் மீட்பு விகிதத்தைத் தானே கண்டுபிடித்துத் தன் பெருக்கெண்ணைப் போட வேண்டும். எம்டிஏ தூய நிலையில் நிலைத்திருக்காது என்பதால் டெட்ராஎத்தாக்சிபுரோப்பேனை அமிலத்தில் உடைத்து அதிலிருந்து எம்டிஏ பெறுவார்கள். கடினமான வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் கட்டுரைக்குக் கட்டுரை 7.8 அப்படியே பெயர்த்தெழுதப்படுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

இன்னும் பெரிய ஐயம் கொதித்தலைப் பற்றியது. காறலை விரைவுபடுத்துவது வெப்பமும் இரும்பும் என்று முன்பே பார்த்தோம். அமிலம் விட்ட கறியைக் கொதிக்க வைக்கும்போது இரண்டும் ஒரே குடுவையில் கூடுகின்றன. அதுவரை உடையாமல் இருந்த ஹைட்ரோபெராக்சைடு உடைந்து எம்டிஏ தருகிறது. காற்றுப் பட்டுப் புதிய ஆக்சிஜனேற்றமும் நடக்கிறது. நாம் படிக்கும் எண்ணில் ஒரு பகுதி கறியுடையது, மறு பகுதி சோதனையே உண்டாக்கியது.

விட்டி, க்ராஸ், பெய்லி ஆகியோர் 1970-இல் தந்த முறை கொதித்தலைத் தவிர்த்தது. இருபது கிராம் கறியைக் குளிர்ந்த டிரைகுளோரோஅசெட்டிக் அமிலக் கரைசலில் அரைத்தால் புரதம் திரிந்து படியும், எம்டிஏ கரைசலுக்கு வந்துவிடும். வடிதாளில் வடிகட்டி, டிபிஏ சேர்த்து, இருட்டில் அறை வெப்பநிலையிலேயே 15 மணி நேரம் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் 530 நானோமீட்டரில் படித்து 5.2-ஆல் பெருக்குவார்கள். வாலை வேண்டாம், ஒரே நாளில் நிறைய மாதிரிகளை முடிக்கலாம். இந்திய ஆய்வகங்களில் இந்த முறை பரவியதற்கு இந்த வசதியே முதற்காரணமாக இருக்கும். குளிர்ந்த முறையாதலால் வாலைவடிப்பைவிட எண்கள் பொதுவாகக் குறைவாக வரும். எனவே ஒருவர் விட்டி முறையில் எடுத்த 0.5-ஐயும் இன்னொருவர் வாலையில் எடுத்த 0.5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு.

வடிகட்டல் முறைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. வாலையில் ஆவியாகாதது எதுவும் வராது. வடிதாளிலோ கரைந்தது எல்லாம் வந்துவிடும். நாவல்பழம், கறுப்புத் திராட்சைத் தோல் ஆகியவற்றிலுள்ள ஆந்தோசயனின் நிறமிகள் கடும் அமிலத்தில் செக்கச் சிவந்து 520 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும். பீட்ரூட்டின் சிவப்பு நிறமி 535-க்கு அருகில். இவற்றைச் சேர்த்த கறியின் சாறு, டிபிஏ சேர்ப்பதற்கு முன்பே சிவப்பாகத்தான் இருக்கும். மசாலாவில் சேர்த்த சர்க்கரையும் சில நிலைமைகளில் டிபிஏவோடு வினைபுரியும். வேறு ஆல்டிகைடுகள் 450 நானோமீட்டரை ஒட்டி மஞ்சள் நிறம் தரும். எம்டிஏ மட்டுமே அளக்கப்படுவதில்லை என்பதால், அறிந்தவர்கள் விடையை 'டிபிஏவோடு வினைபுரியும் பொருள்கள்' என்று தொகுத்தே எழுதுவார்கள். மாதிரியின் ஒரு பகுதிக்கு டிபிஏவுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் சேர்த்து, அதன் நிறத்தைப் படித்துக் கழித்துவிட்டால் நிறமியால் வரும் பிழை நீங்கும். ஐந்து நிமிட வேலை.

நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியில் நிலைமை தலைகீழ். எஞ்சியிருக்கும் நைட்ரைட் அமிலச் சூழலில் எம்டிஏவைத் தாக்கி அதை டிபிஏவுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். காறிய ஹாம்கூட நல்ல எண் காட்டும். இதைக் கண்டுபிடித்ததும் வாட்ஸின் ஆய்வகமே. 1962-இல் ஸிப்சரும் வாட்ஸும் சல்ஃபனிலமைடு சேர்த்து நைட்ரைட்டை முன்கூட்டியே கட்டிப்போடும் வழியைச் சொன்னார்கள். தாங்கள் உருவாக்கிய முறையின் ஓட்டையை இரண்டே ஆண்டில் தாங்களே கண்டு அடைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது முதலில் பார்த்த கறிவேப்பிலை, மாதுளைத் தோல் அட்டவணைக்கு வரலாம். தாவரச் சாறுகள் காறலைத் தடுக்கின்றனவா என்பது முக்கியமான கேள்வி. பிஹெச்டி (BHT) போன்ற செயற்கைக் காறல் தடுப்பான்களுக்கு மாற்று தேடுவதில் நியாயம் இருக்கிறது. சாறுகளிலுள்ள பாலிஃபீனால்கள் உண்மையாகவே தனி உறுப்புகளை அடக்கக்கூடியவை. ஆனால் சோதனையின் அமைப்பைப் பாருங்கள். சாறு சேர்க்காத கறி அரைக்கப்படும்போதும் கொதிக்கும்போதும் காப்பார் யாருமின்றிப் புதிதாகக் காறுகிறது. சாறு சேர்த்த கறியில் அந்தப் பாலிஃபீனால்கள் குடுவைக்குள்ளும் கூடவே வந்து அங்கேயும் காறலைத் தடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு குளிர்பெட்டியில் பத்து நாளில் நடந்தது, எவ்வளவு ஆய்வக மேசையில் அரை மணியில் நடந்தது? அட்டவணையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வழி இல்லாமல் இல்லை. அரைக்கும்போதே எல்லா மாதிரிகளிலும், சாறு சேர்த்தது சேர்க்காதது என்ற பாகுபாடில்லாமல், ஒரே அளவு பிஹெச்டியையும் இரும்பைக் கட்டிவைக்கும் இடிடிஏவையும் போட்டுவிட்டால் குடுவைக்குள் நடப்பது எல்லா மாதிரிக்கும் பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சும் வித்தியாசம் சேமிப்பில் நடந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். முதல் நாள் அளவிலேயே சாறு சேர்த்த கறி மற்றதைவிட வெகுவாகக் குறைந்து நின்றால் அது எச்சரிக்கை மணி; ஒரு மணி நேரத்துக்கு முன் கலந்த சாறு அதற்குள் அவ்வளவு காத்திருக்க வாய்ப்பு குறைவு. ஆய்வுக் கட்டுரைகளைச் சரிபார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அது என்பேன்.

உயர்செயல் திரவ நிறப்பிரிகை வசதி உள்ள இடங்களில் இளஞ்சிவப்பு நிறமியை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக அளக்கிறார்கள். அப்படி வரும் எம்டிஏ எண் பெரும்பாலும் சாதாரண முறையில் வருவதைவிடக் குறைவு. இடையிலுள்ள வித்தியாசம் வேறு பொருள்களுடையது. ஆனாலும் ஓர் அடிப்படை வரம்பு நீங்காது. எம்டிஏ முக்கியமாக மூன்றோ அதற்கு மேலோ இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்தே பிறக்கிறது. மீனில் அவை ஏராளம். தீவனத்தின் வழியே லினோலிக் அமிலம் மிகுந்த கோழிக் கொழுப்பிலோ காறலின் பெரும்பகுதி எம்டிஏ தராமலேயே நடந்துபோகலாம். மீனின் எண்ணையும் கோழியின் எண்ணையும் ஒப்பிட்டு இது அதிகம் காறியது, அது குறைவு என்று சொல்வதில் பொருளில்லை.

லினோலிக் அமிலத்தின் சிதைவைப் பிடிக்க ஹெக்சனால் நல்ல சாட்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின் 1990 வாக்கில் உருவாக்கிய உறிஞ்சிழை முறை இதை எளிதாக்கியது. ஊசிக்குள் மறைந்திருக்கும் மெல்லிய இழையின் மேல் பாலிமர் பூசியிருப்பார்கள். மூடிய குப்பியில் கறியை வைத்து இளஞ்சூடாக்கி, ஊசியைக் குத்தி இழையை மட்டும் கறிக்கு மேலுள்ள காற்றில் நீட்டினால் மணப் பொருள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதை வாயு நிறப்பிரிகைக் கருவியில் செருகினால் ஹெக்சனால் தனி உச்சமாக எழும். கரைப்பானே தேவையில்லை, மூக்கு உணர்வதையே கருவியும் உணர்கிறது என்பது இதன் பெருமை. குப்பியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் புதிய ஹெக்சனால் உருவாகும் என்பதால் வாலையின் நோய் இங்கும் தொற்றும். வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதே நல்லது. என்னைக் கேட்டால், வசதி உள்ள ஆய்வகம் பெராக்சைடையும் ஹெக்சனாலையும் ஒரே கறியில் நாள்வாரியாக எடுத்து, டிபிஏ எண்ணை அவற்றின் அருகில் வைக்க வேண்டும். மூன்று கோடுகளும் ஏறி இறங்கும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புலப்படும்.

இத்தனைக்கும் மேலே மனித மூக்கு இருக்கிறது. டிபிஏ எண் எவ்வளவு ஆனால் காறல் தெரியும் என்பதற்குப் பலரும் மேற்கோள் காட்டுவது கிரீனும் கியுமுஸேவும் 1982-இல் வெளியிட்ட முடிவு. பயிற்சி பெறாத சாதாரண ஆட்களுக்கு வெந்த மாட்டிறைச்சி கொடுத்துப் பார்த்ததில், 0.6 முதல் 2.0 வரையிலான இடைவெளியில் காறல் சுவை உணரப்பட்டது. பன்றி இறைச்சியில் பயிற்சி பெற்றவர்களை வைத்துப் பார்த்த டார்லாட்கிஸ் குழு 0.5 முதல் 1.0 என்றது. காம்போவும் சக ஆய்வாளர்களும் 2006-இல் மாட்டிறைச்சியில் ஏறத்தாழ 2.3-ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல என்றார்கள். முறையும் இறைச்சியும் சுவைப்போரும் மாறும்போது எல்லைக்கோடு நான்கு மடங்குக்கும் மேலாக நகர்கிறது.

நம்மூரில் ஆட்டுக்கறிச் சுக்காவுக்கோ கோழி கட்லெட்டுக்கோ பயன்படும் நாளைத் தீர்மானிப்பவர்கள் 1.0 அல்லது 2.0 என்று ஓர் எல்லையை எடுத்துக்கொள்ளும்போது, மசாலா இல்லாமல் சமைத்த மாட்டிறைச்சியையோ பன்றி இறைச்சியையோ சுவைத்த வெளிநாட்டுக் குழுக்களின் நாக்கை இரவல் வாங்குகிறார்கள். மிளகும் சோம்பும் பட்டையும் காறலின் மணத்தை மறைக்கக்கூடியவை. அவற்றின் பாலிஃபீனால்கள் குடுவைக்குள் எண்ணையும் குறைக்கக்கூடியவை. வாங்கி உண்பவர்களையே, ஆண், பெண், இளையவர், முதியவர் என்று கலந்து உட்காரவைத்து, அந்தப் பண்டத்தையே வெவ்வேறு நாள் சேமிப்பில் கொடுத்து, எந்த நாளில் முகம் சுளிக்கிறார்கள் என்று குறித்து, அதே நாளின் டிபிஏ எண்ணை எதிரே எழுத வேண்டும். ஒரு கல்லூரி ஆய்வகமும் உணவகச் சமையலறை போன்ற ஒரு சுவைக் கூடமும் இருந்தால் போதும். பொட்டலத்தில் அச்சிடும் தேதிக்கு அந்தப் பண்டத்துக்கென்றே கண்டுபிடித்த எண்தான் அடிப்படையாக வேண்டும். முறையின் பெயர், பெருக்கெண், மீட்பு விகிதம், பிஹெச்டி சேர்த்ததா இல்லையா ஆகிய நான்கையும் அந்த எண்ணோடு சேர்த்து அச்சிட ஆய்விதழ்கள் வற்புறுத்த வேண்டும்.